பூட்டு வாங்கப் போனவன்: திருப்பமும் முரண்நகையும்

சிறுகதையைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே ‘முடிவில் ஒரு திருப்பம் வேண்டும்’ என்று சொல்லிவிடும் வழக்கம் நம்மிடையே நெடுநாளாக இருந்து வருகிறது. வார இதழ்களின் ஒரு பக்கக் கதைகள் வளர்த்துவிட்ட வழக்கம் இது. போட்டிக்கு எழுதுவோரில் பலரும் இதையே அளவுகோலாகக் கொள்கின்றனர். அத்தகைய திருப்பங்களைப் பாராட்டுவதற்கு ‘முரண்நகை’ என்ற சொல்லும் கைவசம் இருக்கிறது. ‘கடைசி வரியின் முரண்நகை அருமை’ என்று எழுதிவிட்டால் விமர்சனக் கடமை முடிந்தது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதனால் நல்ல கதைகளைக் குறைத்து வாசிக்கிறோம், எளிய கதைகளை மிகையாகப் புகழ்கிறோம் என்பது எங்கள் எண்ணம். அதைச் சற்று விரித்துச் சொல்லிப் பார்க்கிறோம்.

முரண்நகை ஒரு வகைப்பட்டதன்று. வாய் ஒன்றைச் சொல்லப் பொருள் வேறாக இருப்பது ஒரு வகை. பாத்திரம் அறியாததை வாசகர் அறிந்திருப்பது மற்றொன்று. நாம் இங்கே எடுத்துக்கொள்வது மூன்றாவது வகையான சூழல் முரணை. ஒருவர் எதை நாடி ஒரு செயலைச் செய்கிறாரோ, அந்தச் செயலே அதற்கு நேரெதிரான இடத்தில் அவரைக் கொண்டு நிறுத்துவதுதான் சூழல் முரண். இதற்கான கலைச்சொல் நமக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. பொருளோ பழமொழியாக எப்போதோ வழங்கிவிட்டது. ‘பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது’ என்பதைவிடச் சுருக்கமான வரையறை இதற்குக் கிடைக்காது. குரங்கு வெளியிலிருந்து வரவில்லை என்பதே அதில் கவனிக்கத் தக்கது. பிடித்தது அதே கை, பிசைந்தது அதே மண்.

திருப்பத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் வட்டாரத்துப் பொருள் ஒன்றைக் கொண்டே விளக்கலாம். அகரம், தாடிக்கொம்புப் பக்கத்தவர்களான எங்களுக்குத் திண்டுக்கல் பூட்டைவிட்டால் வேறு உவமை சட்டென்று தோன்றுவதில்லை. 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டை வைத்து மூன்று கதைகள் எழுதுவதாகக் கொள்வோம்.

முதற்கதையில் ஒருவர் திண்டுக்கல்லுக்குப் போய் நல்ல மாங்காய்ப் பூட்டாக ஒன்று வாங்கி வந்து வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு திருமணத்துக்குப் போகிறார். திருடர்கள் ஓட்டைப் பிரித்துக்கொண்டு உள்ளே இறங்குகிறார்கள். இது துரதிர்ஷ்டம். இரண்டாவதில் திருட்டு நடக்கிறது; பூட்டை விற்ற கடைக்காரரே மாற்றுச் சாவியோடு வந்த திருடர் என்று கடைசி வரியில் தெரிகிறது. இது திருப்பம். மூன்றாவதில் அவர் குடிசைவாசி. திருடுவதற்கு ஒன்றும் இல்லாத அந்தக் குடிசையை அதுவரை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. மகள் கல்யாணத்துக்கென்று சிறிது பணம் சேர்ந்ததும் அவருக்கு அச்சம் பிறக்கிறது. பெரிய பூட்டாக வாங்கி வந்து மாட்டுகிறார். குடிசைக்கு எதற்கு இத்தனை பெரிய பூட்டு என்று தெரு யோசிக்கத் தொடங்குகிறது. அன்றிரவே கதவு உடைபடுகிறது. இதுதான் சூழல் முரண்.

மூன்றாவது கதையில் ஆசிரியர் எதையும் ஒளித்துவைக்கவில்லை. பூட்டைத் தொங்கவிட்ட கணத்திலேயே முடிவு தொடங்கிவிட்டது. பாதியிலேயே அதை ஊகித்துவிட்டாலும் நமக்கு நட்டமில்லை. ஊகித்துவிட்டதனாலேயே மீதிப் பாதியை நெஞ்சு கனக்க வாசிப்போம். இரண்டாவது கதையை ஊகித்துவிட்டால் அங்கேயே கதை செத்துவிடும்.

இந்த உத்தி மேனாட்டுச் சிறுகதையோடு நமக்கு இறக்குமதியானது என்று எண்ணுவோர் உண்டு. அவர்களுக்குச் சிலப்பதிகாரத்தை நினைவூட்ட வேண்டும். திண்டுக்கல்லுக்குத் தெற்கே நிற்கும் சிறுமலை, மதுரைக்குச் செல்லும் வழிகளை மாங்காட்டு மறையோன் விரித்துரைக்கும் காடுகாண் காதையில் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகிறது. அந்த மதுரைக்குக் கோவலன் எதற்காகப் போகிறான்? இழந்த வாழ்வைப் புதிதாகத் தொடங்குவதற்கு. கையில் முதலாக இருப்பது கண்ணகியின் சிலம்பு. அதை விற்பதற்கு நம்பத் தகுந்த ஆளைத் தேடுகிறான். அரசிக்கு அணி செய்யும் பொற்கொல்லனைவிடத் தகுந்தவர் யார்? அரசியின் சிலம்பைத் திருடியவனோ அவன்தான். வாழ்வு தொடங்கக் கொண்டுபோன பொருளே உயிரைக் கொண்டு போகிறது. ஆளை ஆய்ந்து தேர்ந்த எச்சரிக்கையே பகைவனின் கையில் கொண்டு சேர்க்கிறது. பொற்கொல்லன் கள்வன் என்பதை இளங்கோ நம்மிடம் மறைக்கவும் இல்லை. தெரிந்துகொண்டேதான் கோவலனுக்குப் பின்னால் நாம் நடக்கிறோம்.

கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் தம் ‘கவிதையியல்’ நூலில் நிலைமாற்றம் என்பதை விளக்க ஈடிபஸ் நாடகத்தைத்தான் எடுத்தாள்கிறார். ஈடிபஸின் அச்சத்தைப் போக்க வந்த தூதனின் சொல்லே, அவன் எதை அஞ்சினானோ அதை மெய்யென்று காட்டிவிடுகிறது. தேற்ற வந்த சொல் கொல்கிறது. மதுரையும் தீப்ஸும் ஒன்றையொன்று அறியாமலே இந்த அமைப்பைக் கண்டடைந்திருக்கின்றன. எந்த ஒரு மொழியும் இதற்கு உரிமை கொண்டாட வேண்டியதில்லை.

இனி நவீனச் சிறுகதைக்கு வருவோம். எங்கள் மாவட்டத்து வத்தலக்குண்டு நவீனத் தமிழுக்குச் சிலரைத் தந்திருக்கிறது. ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி. ஆர். ராஜம் ஐயர் அவ்வூர்க்காரர். ‘எழுத்து’ நடத்திய சி. சு. செல்லப்பாவும் அவ்வூரோடு சேர்த்தே பேசப்படுபவர். 1935 முதல் ‘மணிக்கொடி’யைச் சிறுகதைக்கென்றே நடத்திய பி. எஸ். ராமையாவும் வத்தலக்குண்டுதான். அவருடைய ‘மணிக்கொடி காலம்’ நூலுக்கு 1982இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஆனால் அவர் பெயரை வாசகர் நெஞ்சில் நிறுத்தியது ‘நட்சத்திரக் குழந்தைகள்’ என்ற சிறிய கதை.

குழந்தை ரோகிணி தந்தையிடம் நட்சத்திரங்களைப் பற்றிக் கேட்கிறாள். மனிதர் உண்மை பேசும்போதெல்லாம் ஒரு நட்சத்திரம் பிறக்கிறது என்று அவர் சொல்லிவைக்கிறார். குழந்தை மகிழ்ந்து போகிறது. பிறகு ஒரு மாலையில் நட்சத்திரம் ஒன்று விழுவதைக் கண்டு தேம்பித் தேம்பி அழுகிறது. யாரோ ஒரு பொய் சொல்லிவிட்டார்கள் என்பது அதன் துயரம்.

இக்கதையைக் குழந்தைமையின் கவிதை என்று பலரும் போற்றியிருக்கின்றனர். போற்றத் தக்கதுதான். ஆயினும் அதன் எலும்புக்கூடு சூழல் முரண் என்பதை நாம் போதிய அளவு கவனித்ததில்லை. தந்தை சொன்னது குழந்தையை மகிழ்விக்கச் சொன்ன கற்பனை. அந்தக் கற்பனைதான் அதன் அழுகைக்கு வித்து. உண்மையின் பெருமையைச் சொல்ல வந்த அந்த விளக்கமே கண்டிப்பான பொருளில் உண்மையன்று. குழந்தை அதை முழுதாக நம்பியது. அதிலிருந்து பிசகில்லாத தருக்கத்தோடு அடுத்த முடிவுக்குப் போயிற்று. உண்மைக்குப் பிறக்குமென்றால் பொய்க்கு விழத்தானே வேண்டும்? இனி அத்தந்தை என்ன செய்ய முடியும்? தாம் சொன்னது கட்டுக்கதை என்று ஒப்புக்கொண்டால் குழந்தை தேறக்கூடும். அத்துடன் அதன் வானத்திலிருந்து எல்லா நட்சத்திரங்களும் உதிர்ந்துவிடும். இவ்வளவும் திருப்பம் ஏதும் இல்லாமல், யாரையும் குற்றவாளியாக்காமல், ஒரு வீட்டு முற்றத்தில் நடந்து முடிகிறது.

கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ இதற்கு இணையானது. இக்கதையின் பெயரைத் தாங்கிய தொகுதிக்கு அவர் மறைந்தபின் 1970ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பட்டது. கதைசொல்லி, பழகும் வீட்டுக் குழந்தைகளுக்கு அன்பளிப்புத் தருபவர். சாரங்கன் என்ற சிறுவனுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் அவரைத் தன் வீட்டுக்கு வரும்படி மன்றாடி அழைக்கிறான். போகிறார். அவன் ஒரு டைரியைக் கொண்டுவந்து நீட்டி, அதில் தனக்கு அவர் அன்பளிப்பாகத் தந்ததாக எழுதச் சொல்கிறான். பெறவேண்டியவனே வாங்கிவைத்துக் காத்திருந்த அன்பளிப்பு அது. அதில் கையெழுத்திடும்போது கொடுப்பவர் யார், பெறுபவர் யார்? எல்லாக் குழந்தைகளையும் சமமாக நேசிப்பவர் என்று தம்மைப் பற்றி அவர் கொண்டிருந்த எண்ணம் அந்தப் பேனா முனையில் உடைகிறது. அழகிரிசாமி அதை உடைத்துக் காட்டி உரை எழுதவில்லை. டைரியை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

இவ்விரு கதைகளின் முடிவையும் மேலே சொல்லிவிட்டோம். இதுவரை வாசிக்காத ஒருவர் இனி அவற்றை வாசித்தால் ஏதாவது இழப்பாரா? இழக்க மாட்டார் என்றே நம்புகிறோம். எங்கள் முதல் அளவுகோலும் இதுதான்: இரண்டாம் வாசிப்பு. முடிவு தெரிந்தபின் மெலிவது திருப்பம். தெரிந்தபின் கனப்பது சூழல் முரண்.

முடிவு தெரிந்த பின்னும் நெஞ்சு கனப்பது தமிழ் மக்களுக்குப் புதிய அனுபவமும் அன்று. மதுரை, திண்டுக்கல் வட்டாரத்து முத்தாலம்மன் விழாக்களில் அம்மனை மண்ணால் வனைந்து, கண் திறந்து, கொண்டாடி, விழா முடிந்ததும் மீண்டும் மண்ணுக்கே அனுப்பிவிடுவது வழக்கம். அகரம் முத்தாலம்மன் விழாவுக்குத் திரளும் கூட்டத்தில் அம்மன் நிலைத்திருக்கப் போவதில்லை என்பதை அறியாதவர் எவரும் இலர். அறிந்தேதான் கண்திறப்புக்குக் காத்து நிற்கின்றனர். அறிந்தேதான் வழியனுப்பும்போது கலங்குகின்றனர். கதையின் ஆற்றல் எதிர்பாராமையில் மட்டுமே இருக்கிறது என்போர் இந்தக் கலக்கத்துக்கு என்ன விளக்கம் தருவார்கள்?

திருப்பத்தின் பெருமைக்குச் சான்றாக எப்போதும் முன்னிறுத்தப்படும் இரு கதைகள் இந்த அளவுகோலில் என்ன ஆகின்றன என்பதையும் பார்த்துவிடலாம். மாப்பசானின் ‘நெக்லஸ்’ 1884இல் வெளியானது. இரவல் வாங்கிய வைர அட்டிகையைத் தொலைத்துவிட்டு, அதற்கு ஈடான ஒன்றைக் கடன்பட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, பத்தாண்டுகள் உழைத்துத் தேய்கிறாள் மத்தில்தா. தொலைந்தது போலி என்று கடைசியில் தெரிகிறது. ஆசிரியர் ஒரு செய்தியை ஒளித்துவைத்திருக்கிறார் என்பது மெய்யே. ஆனால் இரண்டாம் முறை வாசிக்கையில் வேறொன்று தெரிகிறது. ‘தொலைத்துவிட்டேன்’ என்று தோழியிடம் முதல் நாளே அவள் சொல்லியிருந்தால் கதையே இல்லை. அவளைச் சொல்லவிடாமல் தடுத்தது, அட்டிகையை இரவல் வாங்க வைத்த அதே கௌரவ ஆசைதான். போலி என்பது வெளிச்சம் போடும் விளக்கு மட்டுமே. அவளைத் தேய்த்தது அவளுடைய மௌனம். 1905இல் வெளியான ஓ. ஹென்றியின் ‘மேகியரின் பரிசு’ம் இவ்வாறே. கூந்தலை விற்று அவள் கடிகாரச் சங்கிலி வாங்குகிறாள். கடிகாரத்தை விற்று அவன் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்குகிறான். இரு பரிசுகளையும் பயனற்றவையாக்கியது அன்புதான் என்பதனால் அக்கதை நூறாண்டு கடந்தும் நிற்கிறது. பின்வந்தவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒளித்துவைக்கும் உத்தியை மட்டும். அன்பு அங்கேயே கிடக்கிறது.

இதுவரை சொன்னது கலை பற்றியது. இதைவிட முக்கியமென்று நாங்கள் கருதும் கேள்வி ஒன்று உண்டு. முரணைப் படைத்தது யார்?

வாழ்வில் இத்தகைய நிகழ்ச்சியைக் கண்டால் ‘விதி’ என்று சொல்லி நகர்வது நம் இயல்பு. கதையிலும் அதையே செய்துவிடுகிறோம். சுஜாதாவின் ‘நகரம்’ கதையை எடுத்துக்கொள்வோம். கடும் காய்ச்சலில் கிடக்கும் மகள் பாப்பாத்தியைத் தூக்கிக்கொண்டு வள்ளியம்மாள் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். பெரிய டாக்டர் நோயின் கடுமையைச் சரியாக உணர்ந்து உடனே சேர்க்கச் சொல்கிறார். ஆனால் அந்தச் சொல்லுக்கும் படுக்கைக்கும் நடுவே சீட்டுகளும் கவுண்டர்களும் கையெழுத்துகளும் நிற்கின்றன. எழுத்தறியாத அந்தப் பெண் அறை அறையாக அலைந்து, கடைசியில் மறுநாள் காலை வரச் சொல்லப்பட்டு, மகளோடு ஊருக்குத் திரும்பிவிடுகிறாள். அந்த நேரத்தில் பெரிய டாக்டர் அந்தக் குழந்தை எங்கே என்று ஆஸ்பத்திரி முழுவதும் தேடச் சொல்லிக்கொண்டிருக்கிறார். காப்பாற்றும் அறிவும் கருவியும் உள்ள இடத்துக்கு வந்து சேர்ந்ததுதான் அவர்கள் செய்த சரியான செயல். அந்த இடமே அவர்களைத் தொலைக்கிறது.

இதில் விதி எங்கே இருக்கிறது? கதையில் ஒருவர்கூடக் கொடியவர் இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் மேசைக்குரிய வேலையைத்தான் செய்கிறார்கள். அத்தனை மேசைகளும் சேர்ந்து ஒரு குழந்தையைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. கி. ராஜநாராயணனின் ‘கதவு’ம் அப்படித்தான். திருடர் எட்டிப் பார்க்கவும் காரணமில்லாத ஏழை வீட்டின் ஒரே செல்வம் அதன் கதவு. குழந்தைகள் அதில் தீப்பெட்டிப் படம் ஒட்டி, பஸ் ஓட்டி விளையாடுகிறார்கள். தீர்வை பாக்கிக்காகத் தலையாரி வந்து அதைப் பெயர்த்துக்கொண்டு போகிறார். திறந்த வாசலில் குளிர்காற்று நுழைகிறது, கைக்குழந்தை இறந்துபோகிறது. எடுத்துச் சென்ற கதவு யாருக்கும் பயன்படாமல் சாவடிப் பக்கம் வீணே கிடக்கிறது. பனிக்காற்றா கொன்றது? வசூல் பதிவேடு அல்லவா?

சிலப்பதிகாரத்தில்கூட, ஊழ்வினை தவறாது வந்து சேரும் என்பதை நூலின் நோக்கங்களுள் ஒன்றாகப் பதிகம் அறிவிக்கிறது. இருந்தும் இளங்கோ எல்லாவற்றையும் ஊழின் மேல் போட்டுவிட்டு ஒதுங்கிவிடவில்லை. பொற்கொல்லனின் திருட்டை, ஊடிப் போன அரசியைத் தேற்ற விரைந்துகொண்டிருந்த மன்னனின் அவசரத்தை, விசாரணையின்றி வாயிலிருந்து விழுந்த ஆணையைப் படிப்படியாகக் காட்டுகிறார். கைகளைக் காட்டிய பிறகே ஊழைப் பேசுகிறார். சூழல் முரணைக் கையாளும் எழுத்தாளர் எவருக்கும் இது பாடம். முரண் எந்தக் கைகளின் வழியே வந்தது என்பதை மறைத்தால், அது ஏழையின் துன்பத்தை வேடிக்கையாக்கிவிடும். போட்டிக் கதைகள் பலவற்றில் நாங்கள் காணும் குறையும் இதுவே. துப்புரவுத் தொழிலாளியோ பிச்சைக்காரரோ வருகிறார். கடைசி வரியில் சாகிறார். நாம் திடுக்கிட வேண்டும். அவர் செத்தது நம் திடுக்கிடலுக்காக மட்டும்.

இவ்விடத்தில் புதுமைப்பித்தனிடமும் ஒரு சிறு மாறுபாடு சொல்லத் துணிகிறோம். 1934இல் வெளிவந்த ‘பொன்னகரம்’ எவராலும் மறக்க முடியாத கதை. அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால்கஞ்சி ஊற்றுவதற்காக அம்மாளு இருட்டுச் சந்தில் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். கற்பென்று ஊர் சொல்வதை அவள் இழந்தது கணவன்மேல் கொண்ட அக்கறையினால். முரண் அங்கேயே முழுமை பெற்றுவிட்டது. அதன் பிறகு ஆசிரியர் நேரே வாசகரைப் பார்த்துப் பேசுகிறார். அந்தக் குரலின் ஆவேசம் அக்காலத்துக்கு வேண்டியதாக இருந்திருக்கலாம். இன்று வாசிக்கையில், விரல் நீட்டும் அந்தக் கடைசிக் குரலைவிட முக்கால் ரூபாய் உரத்துப் பேசுவதாகவே எங்களுக்குப் படுகிறது. இதை ஏற்காதவர்கள் இருப்பார்கள். ஏற்காமைக்கும் நியாயம் உண்டு. நகரத்தின் பெயரையே முரணாக்கி முழங்கிய கதையில், ஆசிரியரின் முழக்கமும் அமைப்பின் பகுதிதான் என்று அவர்கள் வாதிடலாம். ஆனால் அந்தக் குரலைக் கடன் வாங்கியவர்களிடம் முக்கால் ரூபாய் இல்லை. குரல் மட்டும் இருக்கிறது.

எல்லாச் சிறுகதைக்கும் சூழல் முரண் வேண்டும் என்பதும் எங்கள் வாதமன்று. மௌனியிடம் அதைத் தேடி ஒருவர் அலைய வேண்டியதில்லை, லா. ச. ராமாமிர்தத்தின் கதைகள் வேறொரு விசையில் இயங்குபவை. முரணே சூத்திரமாகிவிடும் ஆபத்தும் உண்டு. மருத்துவர் நோயில் வீழ்வார், நீதிபதி குற்றம் செய்வார், ஆசிரியரின் மகன் தேர்வில் தோற்பான் என்று தொழிலுக்கு எதிர்ப்பதம் எழுதிக்கொண்டு போவது சூழல் முரணாகாது. நீதிபதி தம் நீதியுணர்வாலேயே அந்தக் குற்றத்துக்கு வந்து சேர வேண்டும். வந்து சேரும் வழியை எழுதுவதுதான் கதை.

எழுத முனையும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கதையை முடித்ததும் கடைசி வரியை எடுத்து முதல் வரியாக வைத்துப் பாருங்கள். முடிவை முதலிலேயே அறிந்துகொண்ட வாசகருக்கு மேற்கொண்டு வாசிக்கக் காரணம் இருக்கிறதா? இருக்குமானால் அக்கதையில் முரண்நகை இருக்கிறது. வரியை அதன் இடத்திலேயே திருப்பி வைத்துவிடலாம். இல்லையென்றால் உங்களிடம் இருப்பது ஒரு விடுகதை. விடுகதைகளுக்கும் தமிழில் நல்ல மரபு உண்டு. அவை இவ்வளவு நீளமாக இருப்பதில்லை.